பெல்ட் அமுக்கிய முப்பத்தேழு நிமிடம்

பிப்ரவரி 3, 2025 – திங்கள்

இன்று மூன்று ஷீத் எடுத்தேன். மூன்றுக்கும் பெல்ட். கட்டைவிரல் வலி போய் இரண்டு வருடம் ஆயிற்று என்பதை இன்றுதான் கவனித்தேன்.

சாப்பிடும்போது ஆல்வின், கல்யாணமான பதினைந்து வருடத்தில் முதல் முறையாக என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். "பெல்ட்டு பெல்ட்டுங்கிறியே, அது என்னதான் பண்ணும்?" பம்ப் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குக் குழாய்க் கணக்கிலேயே சொன்னேன். இதயத்தில் அடைப்பு எடுக்கத் தொடையிடுக்கில் உள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாகப் போகிறார்கள். வேலை முடிந்ததும் அங்கே சொருகியிருக்கும் பிளாஸ்டிக் குழாயை, அதுதான் ஷீத், உருவ வேண்டும். உருவினால் ஓட்டை. ஓட்டை தானாக மூடும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் இருபது நிமிடம், முப்பது நிமிடம், நின்றபடி இரண்டு கையாலும் அமுக்குவோம். இப்போது இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட், ஓட்டைக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குமிழ். காற்று அடித்தால் குமிழ் அமுக்கும். எவ்வளவு அழுத்தம் என்று மீட்டர் காட்டும். படிப்படியாகக் காற்றைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

"அப்ப உன் கை சும்மா இருக்கும்" என்றார்.

சும்மாவா. பெல்ட் வந்த பிறகு ரெக்கவரி அறையில் மதியம் ஒரே நர்ஸ். முன்பு இரண்டு பேர் இருந்தோம். என் கை சும்மா இருப்பதை என்னைவிட ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்.

பிப்ரவரி 6 – வியாழன்

சார்ட் தணிக்கை. என் சார்ட்டுகள் சுத்தம் என்று நர்சிங் சூப்பிரண்ட் மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார். கால்மணிக்கு ஒரு தரம் பாதத்தில் நாடி பார்த்து, குமிழைப் பார்த்து எழுத வேண்டிய நான்கு கட்டத்தையும் ஒரே மூச்சில் எழுதி வைத்துவிடுகிறோம். எல்லோரும் அப்படித்தான். மேடமும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவர்தான்.

பிப்ரவரி 11 – செவ்வாய்

தைப்பூசம். எங்கள் அறையில் ஒருத்தி பழனிக்கு நடந்து போயிருக்கிறாள், இன்னொருத்தி மருதமலை. நாளைக்கும் வர மாட்டார்கள். நாளை மதியம் ஐந்து படுக்கை, வழக்கம்போல் நான் ஒருத்தி, கூப்பிட்டால் ஓடி வரவும் ஆள் இல்லை. முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 12 – புதன்

மூன்றாம் படுக்கை. சுப்பண்ணன், 64 வயது, காரமடைப் பக்கம் வாழைத்தோட்டம். ரத்தம் உள்ளேயே போய்விட்டது. வெளியே ஒரு சொட்டு இல்லை.

அறுவை அரங்குக்கு எடுத்துப் போனார்கள். உயிர் இருக்கிறது.

நான் நாலாம் படுக்கையை விட்டு நகர முடியவில்லை. நாலாம் படுக்கை அம்மாவுக்கு மருந்து ஒவ்வாமை, வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. நான் ஒருத்தி. எத்தனை பக்கம் ஓடுவேன்?

பிப்ரவரி 13 – வியாழன்

தீவிர சிகிச்சையில் இருக்கிறார். ஆறு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ரத்தக்குழாயைத் தைத்துவிட்டார்கள். சிறுநீர் சரியாகப் பிரியவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எனக்காகத்தான்.

அவர் அடைப்பு எடுக்கும் கேத் லேபிலிருந்து வந்தது பதினொன்றரைக்கு. நல்ல கலகலப்பான ஆள். "தேருக்குள்ள நடந்துருவனுங்களா அம்மணி? காரமடைத் தேருக்கு நான் வடம் தொடாத வருசமே இல்லீங்க" என்றார். நடக்கலாம், ஆனால் வடம் இழுக்கக் கூடாது என்றேன். "தொட்டாப் போதுமுங்க" என்றார்.

ஷீத் எடுக்கப் போனபோது இடுப்பில் அரணாக்கயிறு இருந்தது, கறுப்புக் கயிறு, அதில் ஒரு வெள்ளித் தாயத்து. அவருடைய வீட்டம்மா ராசாத்தாள் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். என் கையில் பிளாஸ்திரி வெட்டும் கத்திரிக்கோலைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டார். "அதைய மட்டும் அறுத்துப்போடாதீங்க கண்ணு. உசுரு போனாத்தான் அறுக்கோணும்" என்றார். சரிங்கம்மா என்றேன். இது புதிதில்லை. வாரத்தில் பத்துப் பேராவது இதைச் சொல்வார்கள். நாங்கள் கயிற்றை மேலே வயிற்றுப் பக்கம் தள்ளி, பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவோம். பெல்ட்டுக்கு அடியில் வராது.

மேலே தள்ளினேன். ஒட்டினேனா?

12.30க்கு ஷீத்தை உருவினேன். காற்று அடித்தேன். குமிழுக்குள் சுத்தமாக இருந்தது. பாதத்தில் நாடி இருந்தது. 12.38க்கு நாலாம் படுக்கை அம்மா வாந்தி எடுத்தார், அங்கே ஓடினேன். 1.15க்கு மூன்றாம் படுக்கை மானிட்டர் கத்தியது. மேல் ரத்த அழுத்தம் 84. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, வேர்த்து ஊற்றியிருந்தது. போர்வையை இழுத்தேன். குமிழ் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் விளிம்புக்கு அடியில் தாயத்து.

ஒட்டவில்லை.

பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கையாலும் அமுக்கினேன். கத்தினேன். டெக்னீஷியன் சஹீர்தான் முதலில் ஓடி வந்தார், அப்புறம் டாக்டர் மனோஜ்குமார். அரங்கு வரைக்கும் படுக்கையின் மேலே மண்டியிட்டபடி அமுக்கிக்கொண்டே போனேன். கைக்குக் கீழே அடிவயிறு கல் மாதிரி இருந்தது.

அரங்கில் கயிற்றை அறுத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வெளியே கொடுத்திருக்கிறார்கள். யாரும் யோசிக்கவில்லை. மோதிரம், கயிறு, கைக்கடிகாரம் எல்லாம் ஒரே கவரில். ராசாத்தாள் அம்மா அந்தக் கவரைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அழவில்லை. கயிற்றின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிப்ரவரி 15 – சனி

சம்பவ அறிக்கை தயாராகி வந்தது. சூப்பிரண்ட் மேடம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். "மதியம் 1.10 மணியளவில் உடனிருந்தவர், அறிவுரையை மீறி, நோயாளியின் தலையையும் தோளையும் தூக்கித் தண்ணீர் கொடுத்ததால், அழுத்தப் பட்டையின் நிலை மாறி..."

தண்ணீர் கொடுத்தது உண்மை. சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் ஒருவரை உள்ளே விடுவது வழக்கம். அவர் தண்ணீர் கேட்டிருக்கிறார், இந்தம்மா தலையைத் தூக்கி இரண்டு மடக்குக் கொடுத்திருக்கிறார். ஆறு மணி நேரம் தலையைத் தூக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அதுவும் உண்மை.

"உன் சார்ட்டு வேற சுத்தமா இருக்குது கயல். 12.45, 1.00, ரெண்டும் எழுதியிருக்குற. கையெழுத்தைப் போடு" என்றார் மேடம்.

அந்த இரண்டு கட்டத்தையும் நான் எழுதியது 12.35க்கு.

கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 16 – ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் வேலை. தீவிர சிகிச்சை வாசலில் ராசாத்தாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்கம்மணி, நான் தண்ணி குடுத்ததாலதானுங்களா? பெரிய நர்சம்மா எங்க சம்பந்தக்காரிய முன்னாலயே சொல்லிப்போட்டாங்க. நெசமுங்களா?"

பார்க்கலாங்கம்மா, டாக்டர் வருவார் என்றேன். என் கையை விடவில்லை. நானாகத்தான் உருவிக்கொண்டேன்.

பிப்ரவரி 17 – திங்கள்

காலை 11.20. சுப்பண்ணன் இறந்துவிட்டார். சிறுநீரகம், அப்புறம் ஒவ்வொன்றாக.

நான் ரெக்கவரியில் இன்னொருவருக்கு ஷீத் எடுத்துக்கொண்டிருந்தேன். சஹீர் வந்து கதவில் நின்று தலையை மட்டும் ஆட்டினார். பெல்ட் போடவில்லை, கையாலேயே அமுக்கினேன். முப்பது நிமிடம். பாதியில் டாக்டர் என்னை மாறச் சொன்னார். மாறவில்லை.

பிப்ரவரி 20 – வியாழன்

வார்டில் எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். "உன் மேல தப்பில்ல சிஸ்டர், அந்தம்மா தூக்குனதுதான்" என்கிறார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது. காபி கொண்டுவந்து கொடுத்தவளிடம் வள்ளென்று விழுந்தேன்.

பிப்ரவரி 24 – திங்கள்

சஹீர் மதியம் ஒரு காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார். மூன்றாம் படுக்கை மானிட்டரின் நினைவில் இருந்த ரத்த அழுத்தப் பதிவு. "மெஷின அடுத்த ஆளுக்குத் துடைக்கிறதுக்கு முன்னாடி பிரிண்ட் எடுத்தேன் சிஸ்டர். உங்ககிட்ட குடுக்கணுமா கிழிச்சுப் போடணுமான்னு இத்தன நாள் யோசிச்சேன்" என்றார்.

12.30 – 142
12.45 – 126
1.00 – 108
1.15 – 84

ராசாத்தாள் அம்மா உள்ளே வந்தது 1.10க்கு. அவர் வாசலைத் தாண்டும் முன்பே அரை மணி நேரமாக ரத்தம் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொன்று. இதை எப்படி இத்தனை நாள் யோசிக்காமல் இருந்தேன்? பதினெட்டு வருட நர்ஸ். ரத்தம் போனால் நாக்கு வறளும். அவர் தண்ணீர் கேட்டதே அதனால்தான்! தண்ணீர் கொடுத்து ரத்தம் போகவில்லை. ரத்தம் போனதால் தண்ணீர் கேட்டார்.

காகிதம் இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

மார்ச் 2 – ஞாயிறு

பொய் எழுதியிருக்கிறேன். இந்த நோட்டிலேயே. பன்னிரண்டாம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன் – நாலாம் படுக்கையை விட்டு நகர முடியவில்லையாம்.

நாலாம் படுக்கை அம்மாவுக்கு ஊசி போட்டு, வாந்தி நின்று, அவர் கண்ணை மூடியபோது மணி ஒன்று ஆவதற்கு இரண்டு நிமிடம். அதன் பிறகு நான் மூலையில் மேசையில் உட்கார்ந்தேன். காலையில் ஆறு மணிக்குச் சாப்பிட்டது. ஒரு தேங்காய் பன்னும் டீயும் இருந்தன. சாப்பிட்டேன். குனிந்த தலை நிமிராமல் கோப்புகளை முடித்தேன், ராசாத்தாள் அம்மா உள்ளே வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மூன்றாம் படுக்கை எட்டடி தூரம்.

அவர் கூப்பிடவும் செய்தார்.

அதை இதுவரை எங்கேயும் எழுதவில்லை. ஒன்றே கால் ஆவதற்கு ரொம்ப முன்னால், நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது. "ஏனுங்க அம்மணி, முதுகு கொஞ்சம் இழுக்குதுங்க" என்றார். உள்ளே ரத்தம் போனால் அங்கேதான் இழுக்கும். "இதோ வாரேனுங்க" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அவர் சொன்னது – "பரவால்லீங்க. அவியளப் பாத்துப்போட்டு மெதுவா வாங்க."

மெதுவா வாங்க என்றார். நானும் மெதுவாகத்தான் போனேன். நடுவில் பன் சாப்பிட்டுவிட்டு.

அவர் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. இந்த ஊர்க்காரர்கள் கூப்பிட மாட்டார்கள். எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்க்காரிதானே. நர்ஸைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். சென்னையிலிருந்து வந்த நோயாளியாக இருந்தால் கட்டிலைத் தட்டியிருப்பார். நான் போயிருப்பேன்.

பெல்ட் போட்டாயிற்று, மானிட்டர் மாட்டியாயிற்று, ஏதாவது ஆனால் அது கத்தும் என்று இருந்துவிட்டேன். அது தொண்ணூறுக்குக் கீழே வந்தால்தான் கத்தும்.

மார்ச் 5 – புதன்

சுப்பண்ணன் மகள் நந்திதா வந்திருந்தார். சரவணம்பட்டியில் என் தெருவுக்கு நாலு தெரு தள்ளி, ஐ.டி. கம்பெனியில் வேலை. இறப்புச் சான்றுக்கான காகிதம் வாங்க வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். "நீங்கதானுங்களே அப்பாவுக்கு அமுக்கிட்டே போனது? ரொம்ப நன்றிங்க சிஸ்டர்" என்றார்.

நன்றி.

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அம்மா தூங்குறதே இல்லீங்க. காரியத்தன்னிக்கு எங்க அத்தை எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டாங்க, 'டாக்டரு பொழைக்க வெச்சாரு, இவ தண்ணி குடுத்துக் கொன்னுபோட்டா'ன்னு. அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசலீங்க. ஆமாங்குற மாதிரி தலைய ஆட்டுனாங்க. இப்ப யாராவது தண்ணி கேட்டாக்கூட எந்திரிச்சுப் போயிர்றாங்க."

அந்த அறிக்கைக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். காகிதத்தில் முத்திரை போட எந்த அறைக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 9 – ஞாயிறு

ஆல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பன் வரைக்கும்.

"சொல்லி என்ன ஆகப்போகுது கயலு? போனவரு திரும்பியா வரப்போறாரு? உன் வேலை போகும், லைசென்ஸ் போகும். ஒருவேளை கேஸும் வரும்" என்றார்.

போனவருக்காக இல்லை, இருப்பவருக்காக என்றேன். பெரிய தியாகி மாதிரி சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்குப் பயம். வேலை போனால் நான் யார்? எங்கள் குடும்பத்தில் முதல் வெள்ளைச் சட்டை நான்தான். அம்மா அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொரு பயமும் இருக்கிறது. இதைத்தான் ஆல்வினிடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் கயிற்றையும் சொல்ல வேண்டும். கயிற்றை அறுக்க வேண்டாம் என்றது அந்தம்மாதான். தண்ணீரிலிருந்து விடுவித்து கயிற்றில் மாட்டிவிடுவேனோ? "நான் அறுக்கச் சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாரே" என்று ஆரம்பித்துவிட்டால்? கயிற்றை மட்டும் மறைத்துவிடலாமா?

மறைத்தால் அது இன்னொரு சார்ட்.

மார்ச் 12 – புதன்

காரமடைத் தேர் இன்று. மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் எல்லாம் சுற்றிப் போகின்றன என்று காலையில் தாமதமாக வந்தவள் சொன்னாள். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 15 – சனி

நாளை போகிறேன். நந்திதாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் ஒரு விஷயம் பேச வேண்டும், நீங்களும் இருந்தால் நல்லது என்று. இனி பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் சொன்னேன்.

மார்ச் 16 – ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

துடியலூர் வரைக்கும் ஆல்வின் வண்டியில் கொண்டுவந்து விட்டார், மேட்டுப்பாளையம் பஸ் ஏற்றிவிட்டார். "நானும் வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். காரமடையில் இறங்கி ஆட்டோ. ரோட்டோரத்தில் தேர்க்கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாழைத்தோட்டத்துக்கு நடுவே தளம் போட்ட தார்சு வீடு, வாசலில் டிராக்டர். எங்கம்மா இப்படிப்பட்ட தோட்டங்களில் களையெடுத்தவர். பின்வாசலில் நின்று கூலி வாங்கியவர். நான் முன்வாசலில் நின்று செருப்பைக் கழற்றினேன். அந்த நேரத்தில் அது ஏன் நினைவுக்கு வர வேண்டுமோ.

ராசாத்தாள் அம்மா பாதியாகிவிட்டார். "உக்காருங்க அம்மணி" என்று நாற்காலியைக் காட்டினார். நந்திதா மோர் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. தொட்டால் பேச முடியாது என்று தோன்றியது.

எங்கே ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் பத்துத் தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். எல்லாம் மறந்து போயிற்று. காகிதத்தை விரித்து வைத்தேன். நாலு எண்ணையும் விரலால் காட்டினேன். "நீங்க உள்ள வந்தது இங்கங்கம்மா. அதுக்கு முன்னாடியே பிரஷர் இறங்க ஆரம்பிச்சிருச்சு. ரத்தம் போனா நாக்கு வறளும். அவர் தண்ணி கேட்டதே அதனாலதாங்க. நீங்க குடுத்ததால ஒண்ணும் ஆகலீங்க."

அவருக்கு எண்கள் புரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நந்திதா காகிதத்தை எடுத்து இரண்டு தரம் படித்தார். "அப்ப 12.45க்கே தெரிஞ்சிருக்குமுங்களா?" என்றார்.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றேன். பார்க்கவில்லை என்றேன். பார்த்ததாக முன்கூட்டியே எழுதி வைத்தேன் என்றேன். அப்புறம் கயிறு. "அறுக்க வேண்டாம்னு நீங்க சொன்னதுல தப்பே இல்லீங்கம்மா. எல்லாரும் சொல்றதுதான். நாங்க மேல தூக்கி ஒட்டிருவோம். அன்னிக்கு நான் ஒட்டல. அது என் வேலை. உங்க வேலை இல்லீங்க." இதை மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது, சண்டை போடுவது மாதிரி.

கடைசியாக, அவர் கூப்பிட்டதையும். வாரேனுங்க என்று சொன்னதையும். மெதுவா வாங்க என்று அவர் சொன்னதையும். ஊசி போட்டு முடித்த பிறகு நான் போய் மேசையில் உட்கார்ந்ததையும்.

நந்திதா எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டார். ராசாத்தாள் அம்மா கேட்டார்.

"மெதுவா வாங்கன்னாருங்களா?"

"ஆமாங்க."

"அவரு எப்பவும் அப்படித்தான்." அப்புறம், "நீங்க உடனே வந்து பாத்திருந்தா பொழைச்சிருப்பாருங்களா?"

இதற்கு எத்தனையோ பதில் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாது என்பது மருத்துவமனைப் பதில். அதைத்தான் நாங்கள் எல்லோரிடமும் சொல்வோம். "பொழைச்சிருப்பாருங்கம்மா" என்றேன்.

அவர் எழுந்தார். என்னைவிட உயரம் என்று அப்போதுதான் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போங்க" என்றார்.

போயிட்டு வாங்க இல்லை. இந்தப் பக்கத்தில் கடன்காரனைக்கூட அப்படிச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். போங்க, அவ்வளவுதான்.

காகிதத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 17 – திங்கள்

இரண்டாம் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கையால், நான்கு பக்கம். சூப்பிரண்ட் மேடம் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். "உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது? அந்தம்மா கேஸா போட்டுச்சு? நல்லா முடிஞ்சு போனதை எதுக்குக் கிண்டுற?"

"முடியலீங்க மேடம்" என்றேன்.

டாக்டர் மனோஜ்குமார் கடைசி வரை படித்தார். "மதியத்துல ஒரே நர்ஸ்தான்னு எனக்கும் தெரியும் சிஸ்டர். நானும் கேக்கல" என்றார். அதை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். டாக்டர் யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 21 – வெள்ளி

பணியிடை நீக்கம். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 8 – செவ்வாய்

நந்திதா சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி மேலும் என் மேலும். பதிவுத் தபாலில் நகல் வந்தது. அதில் இருப்பதெல்லாம் நான் சொன்னதுதான், ஒரு வார்த்தை கூட்டவில்லை. என் பெயர் அச்சில் வந்திருந்தது. படித்து முடித்துக் கை கழுவிவிட்டுச் சாம்பாருக்குப் பருப்பு வேக வைத்தேன்.

ஆல்வின் கடிதத்தைப் படித்துவிட்டு, "பயமா இருக்குதா?" என்றார். இருக்கிறது. ஆனால் இரண்டு மாதமாக இருந்த பயம் இல்லை இது.

மே 19 – திங்கள்

சஹீர் பேசினார். ரெக்கவரியில் இப்போது மதியமும் இரண்டு பேராம். பெல்ட் போட்டால் முதல் அரைமணி நேரம் ஒருவர் அந்தப் படுக்கையை விட்டு நகரக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். "டாக்டர் எழுதிக் குடுத்துட்டார் சிஸ்டர்" என்றார். டாக்டரைப் பற்றி நான் நினைத்தது தப்பு.

பெல்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல சாதனம். அது தன் வேலையைச் செய்யும், அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

ஜூன் 10 – செவ்வாய்

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. ஜூலை 8. ராசாத்தாள் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மாதமாக அந்த முகத்தை நினைக்காத நாள் இல்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றதும் ஓடிவிடலாம் போல் இருக்கிறது.

ஜூலை 8 – செவ்வாய்

விசாரணை அறை சின்னது. நீள மேசை, மூன்று அதிகாரிகள். ஒரு பக்கம் ஆஸ்பத்திரி வக்கீல், சூப்பிரண்ட் மேடம், டாக்டர். கடைசி நாற்காலியில் நான். எதிரே நந்திதாவும் அவர் அம்மாவும். ராசாத்தாள் அம்மா சலவைச் சேலை கட்டியிருந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வக்கீல் முதல் அறிக்கையைப் பிடித்துக்கொண்டார். "தலையைத் தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையாம்மா? சொன்ன பிறகும் நீங்க தூக்கித் தண்ணி குடுத்தீங்களா இல்லையா?"

தலையைக் குனிந்துகொள்வார் என்று நினைத்தேன். காரியத்தன்று நந்திதாவின் அத்தை முன்னால் ஆட்டிய அதே தலை.

"குடுத்தனுங்க" என்றார். அறை முழுக்கக் கேட்டது. "சொன்னாங்க, நான் தூக்குனது தப்புத்தானுங்க. ஆனா அவரு சாகுறதுக்கு அது காரணமில்லீங்க. அவருக்கு ரத்தம் போயிட்டிருந்துச்சு, அதனால தாகம் எடுத்துச்சு. கட்டுனவருக்குத் தாகம்னா நான் குடுக்காம யாருங்க குடுப்பாங்க? கடைசியா ரெண்டு மடக்கு என் கையில குடிச்சாரு. அது எனக்குப் போதுமுங்க."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்.

"இன்னொண்ணும் எழுதிக்கோங்க" என்றார். முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். விரலை நீட்டினார். "அவரு இந்த அம்மணியத்தான் கூப்பிட்டாரு. வாரேன்னு சொன்னாங்க. வரலீங்க."

நடுவில் இருந்த அதிகாரி என்னைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார்.

"உண்மைதாங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.